ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டலாமா?

கம்ப்யூட்டர் இதழில் கார் கியர்பாக்ஸுக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? வேலை இருக்கிறது. கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவை தான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் நினைவுக்கு வரும். ஆனால் இவை எதுவுமே இல்லாமல் இயங்கும் கம்ப்யூட்டர்கள் தான் உலகில் அதிகம். வாஷிங் மெஷினில் ஒன்று, மைக்ரோவேவ் அடுப்பில் ஒன்று, காரில் பல என்று அவை நம்மைச் சுற்றி இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்துகிறது.

அமெரிக்காவில் பழைய காரின் கியர்பாக்ஸை வீட்டுக் கேரேஜிலேயே கழற்றி, தேய்ந்த பாகங்களை மாற்றி, மீண்டும் மாட்டிக் கொள்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். கூடவே, இன்புட், பிராசஸ், அவுட்புட், பிட், எரர் கோடு என்று நீங்கள் படிக்கும் விஷயங்கள் இரும்பும் எண்ணெயும் கலந்த ஓர் இயந்திரத்தில் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் பார்க்கலாம்.

எந்தக் கியர்பாக்ஸ்?

உதாரணத்திற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 4எல்60-இ என்ற கியர்பாக்ஸை எடுத்துக் கொள்வோம். செவ்ரோலே பிக்கப் வண்டிகளிலும் கமாரோ, கொர்வெட் போன்ற கார்களிலும் வந்தது இது. பெயரிலேயே விவரம் இருக்கிறது. 4 என்றால் முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள். எல் என்றால் வண்டியின் நீளவாக்கில் பொருத்தப்படுவது. 60 என்பது எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பதைக் காட்டும் வரிசை எண். இ என்றால் எலக்ட்ரானிக்.

இதன் மூத்த அண்ணன் 1982-ல் வந்த 700ஆர்4. அதற்கு 1990-ல் 4எல்60 என்று பெயர் மாற்றினார்கள். 1993-ல் தான் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுடன் 4எல்60-இ வந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்பது அதற்கும் மிகப் பழையது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸை 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரிலேயே கொடுத்து விட்டது. அப்போது கம்ப்யூட்டரே இல்லையே, எந்தக் கியர் போட வேண்டும் என்று அது எப்படி முடிவு செய்தது? அங்கிருந்து தொடங்குவோம்.

எண்ணெயால் ஆன கம்ப்யூட்டர்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் வால்வு பாடி என்ற அலுமினியப் பலகை இருக்கிறது. அதன் முகம் முழுவதும் புழு ஊர்ந்தது போல வளைந்து வளைந்து செல்லும் பள்ளங்கள். உங்கள் மதர்போர்டைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும் அல்லவா? அதே போலத் தான். மதர்போர்டில் மின்சாரம் ஓடுகிறது, வால்வு பாடியில் எண்ணெய் ஓடுகிறது.

பழைய 700ஆர்4-ல் வண்டியின் வேகம் கூடக் கூட கவர்னர் என்ற பாகம் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பதை ஒரு கேபிள் இன்னொரு அழுத்தமாக மாற்றும். இந்த இரண்டு அழுத்தங்களும் ஒரு சிறிய வால்வின் இரு பக்கமும் நின்று தள்ளும். வேகத்தின் அழுத்தம் ஜெயித்தால் வால்வு நகர்ந்து அடுத்த கியர் விழும். ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்திருந்தால் வேகம் இன்னும் கூடும் வரை அதே கியர் நிற்கும். இரண்டு அளவுகளை ஒப்பிட்டு முடிவெடுப்பது கம்ப்யூட்டரின் வேலை. அதை எண்ணெயும் ஸ்பிரிங்கும் செய்தன.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கேபிள் சரியாக அட்ஜஸ்ட் செய்யப்படாமல் தளர்ந்து இருந்தால் அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும், சூடேறிக் கருகும். ஒரு கேபிளின் தவறால் முழுக் கியர்பாக்ஸும் வீணாகும். 4எல்60-இ வந்தபோது கவர்னரும் கேபிளும் போய், அந்த இடத்திற்கு சென்சாரும் சோலனாய்டும் வந்தன.

இன்புட், பிராசஸ், அவுட்புட்

இந்த வண்டிகளில் பிசிஎம் என்ற ஒரே கம்ப்யூட்டர் என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கவனிக்கிறது. அதற்கு வரும் இன்புட்கள் இவை.

* ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் சென்சார்.
* கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டின் வேகத்தைச் சொல்லும் சென்சார். ஷாஃப்டில் 40 பற்கள் கொண்ட வளையம் இருக்கிறது. ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது ஒரு துடிப்பு. ஒரு சுற்றுக்கு 40 துடிப்புகள். அவற்றை எண்ணினால் வேகம் தெரிந்து விடும்.
* எண்ணெயின் வெப்பநிலை, என்ஜின் தண்ணீரின் வெப்பநிலை.
* கியர் லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் அழுத்த சுவிட்சுகள்.

இவற்றை மெமரியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தான் பிராசஸ். அவுட்புட் என்பது சோலனாய்டுகளுக்குச் செல்லும் மின்சாரம். சோலனாய்டு என்றால் கம்பிச் சுருளும் அதற்குள் நகரும் இரும்புத் தண்டும் கொண்ட மின் வால்வு. மின்சாரம் வந்தால் வழி அடைபடும், போனால் திறக்கும். உங்கள் கம்ப்யூட்டருக்கு பிரிண்டர் எப்படியோ, பிசிஎம்முக்கு சோலனாய்டு அப்படி.

இரண்டு பிட், நான்கு கியர்

கியர் மாற்றுவதற்கென்று 4எல்60-இ-யில் ஏ, பி என்று இரண்டு சோலனாய்டுகள் தான் உண்டு. இரண்டை வைத்து நான்கு கியர் எப்படி? ஒரு பிட்டுக்கு இரண்டு நிலை: 0 அல்லது 1. இரண்டு பிட் சேர்ந்தால் நான்கு நிலை. ஆன் என்பதை 1 என்றும் ஆஃப் என்பதை 0 என்றும் எழுதினால் அட்டவணை இது தான்.

1-ம் கியர்: ஏ = 1, பி = 1
2-ம் கியர்: ஏ = 0, பி = 1
3-ம் கியர்: ஏ = 0, பி = 0
4-ம் கியர்: ஏ = 1, பி = 0

இதை இன்னொரு முறை பாருங்கள். பைனரி எண்களை வரிசையாக எழுதும்போது 00, 01, 10, 11 என்று எழுதுவோம். இங்கே வரிசை மாறியிருக்கிறது. ஏன்? சாதாரண வரிசையில் 01-லிருந்து 10-க்குப் போகும்போது இரண்டு பிட்டும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். ஒன்று சற்று முந்தி மாறினால், நடுவில் ஒரு கணம் வேறு எண் தோன்றி விடும். கியர்பாக்ஸில் அப்படி நடந்தால் ஓடும் வண்டியில் தவறான கியர் விழப் பார்க்கும். மேலே உள்ள அட்டவணையில் ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குப் போகும்போது ஒரே ஒரு சோலனாய்டு தான் மாறுகிறது. இப்படி ஒரு சமயத்தில் ஒரே ஒரு பிட் மாறும் வரிசைக்கு கிரே கோடு என்று பெயர். பெல் லேபரட்டரீஸில் பணியாற்றிய ஃபிராங்க் கிரே 1953-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஃபியூஸ் போய் மின்சாரமே வராவிட்டால் இரண்டு சோலனாய்டும் ஆஃப். அதாவது 00. அட்டவணைப்படி அது 3-ம் கியர். எனவே மின்சாரம் போனாலும் வண்டி நடுரோட்டில் நின்று விடாது. மெதுவாகக் கிளம்பி, ஓரளவு வேகத்தில் வீட்டுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ போய்ச் சேரலாம். ரிவர்ஸ் கியருக்கு லீவரே நேரடியாக எண்ணெய்க்கு வழி விடுவதால் அதுவும் கிடைக்கும். எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டும் இதே போலத் தான். அதற்கு மின்சாரம் குறையக் குறைய அழுத்தம் கூடும். மின்சாரம் அடியோடு நின்றால் முழு அழுத்தம். கியர் விழும்போது தூக்கிப் போடும், ஆனால் கிளட்ச் வழுக்கிக் கருகாது. விண்டோஸ் தகராறு செய்யும்போது சேஃப் மோடில் திறக்கிறோமே, அது போன்ற ஏற்பாடு இது.

கழற்றுவதற்கு முன்

இப்போது முக்கியமான கட்டத்திற்கு வருகிறோம். ஒரு வண்டி கிளம்பவே திணறுகிறது, கியரே மாறவில்லை என்று வைத்துக் கொள்வோம். கியர்பாக்ஸ் போய் விட்டது என்று முடிவு கட்டி, அதை இறக்கி, எல்லாவற்றையும் பிரித்து, புதிய கிளட்ச் தட்டுகள் போட்டு மாட்டுகிறார் ஒருவர். மாட்டிய பிறகும் அதே பிரச்சனை. கடைசியில் பார்த்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. எப்போதும் 3-ம் கியரிலேயே நின்றதால் வந்த திணறல் அது. பணமும் பல நாள் உழைப்பும் வீண்.

கம்ப்யூட்டரிலும் இதே தவறு நடக்கிறது. ஆன் ஆகவில்லை என்றதும் மதர்போர்டு போய் விட்டது என்று நினைக்கிறோம். பவர் கேபிள் தளர்ந்திருக்கலாம். ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம். எனவே ஸ்பேனரைத் தொடும் முன் கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டும்.

1. எரர் கோடு படிக்கவும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்ற பொதுவான இணைப்பு கட்டாயமானது. டிரைவர் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட்டாக இது இருக்கும். இதில் ஸ்கேனரைச் செருகலாம். அல்லது யூஎஸ்பி, ப்ளூடூத் அடாப்டரைச் செருகி லேப்டாப்பிலோ மொபைலிலோ உரிய சாஃப்ட்வேரைக் கொண்டு படிக்கலாம். பி0753 என்று வந்தால் ஏ சோலனாய்டின் மின்சுற்றில் கோளாறு. பி0758 என்றால் பி சோலனாய்டின் மின்சுற்று. இவை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடுகள். பி1870 என்று வந்தால் உள்ளே ஏதோ வழுக்குகிறது என்று பொருள். பி-க்கு அடுத்து 1 இருந்தால் அது அந்தந்த நிறுவனமே வைத்துக் கொண்ட கோடு.

2. ஃபியூஸையும் கனெக்டரையும் பார்க்கவும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வட்டமான 20 பின் கனெக்டர் இருக்கிறது. அதில் எண்ணெய், துரு, வளைந்த பின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. மல்டிமீட்டரால் அளக்கவும். கியர் மாற்றும் சோலனாய்டின் மின்தடை சுமார் 20 முதல் 30 ஓம் இருக்கும். மீட்டர் முள் அசையவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சோலனாய்டை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை. அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றினாலே போதும்.

4. எண்ணெயைப் பார்க்கவும். நல்ல எண்ணெய் சிவப்பாக இருக்கும். கருத்து, தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் கருகியிருக்கிறது. எண்ணெய்த் தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு கொஞ்சம் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம் தான். கருப்புத் துணுக்குகளோ பளபளக்கும் உலோகச் சீவல்களோ கிடந்தால் கியர்பாக்ஸை இறக்கத் தான் வேண்டும்.

எது போயிற்று? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

மின்சாரப் பக்கம் சரியாக இருக்கிறது, ஆனாலும் சில கியர்கள் இல்லை என்றால் கோளாறு இயந்திரப் பக்கம். உள்ளே நான்கு கியருக்கும் நான்கு தனித்தனிப் பல்சக்கரங்கள் கிடையாது. இரண்டு கோள்சக்கரத் தொகுதிகள் தான் உண்டு. அவற்றின் எந்தப் பகுதியைச் சுழல விடுவது, எந்தப் பகுதியைப் பிடித்து நிறுத்துவது என்பதைப் பொறுத்துக் கியர் மாறுகிறது. அந்தப் பிடிக்கும் வேலையைக் கிளட்ச் தட்டுகளும், பேண்ட் என்ற உலோகப் பட்டையும் செய்கின்றன. 3-ம் கியரிலும் 4-ம் கியரிலும் வேலை செய்வது 3-4 கிளட்ச். 2-லும் 4-லும் வேலை செய்வது 2-4 பேண்ட்.

இனி யோசித்துப் பாருங்கள். 1, 2 இருக்கிறது, 3-ம் 4-ம் இல்லை என்றால் 3-4 கிளட்ச் கருகியிருக்கும். இந்தக் கியர்பாக்ஸில் அடிக்கடி போவதே இது தான். 2-ம் 4-ம் மட்டும் இல்லை என்றால் பேண்டைச் சந்தேகிக்கலாம். 2, 4, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நாளில் காணாமல் போனால்? மூன்றுக்கும் பொதுவான பாகம் எது என்று பார்க்க வேண்டும். அது சன் ஷெல் என்ற மணி போன்ற இரும்புக் கூடு. அதன் பற்கள் சிதைந்திருக்கும். பிரிப்பதற்கு முன்பே காகிதத்தில் விடை கிடைத்து விடுகிறது. ஒரு புரோகிராமில் தவறைத் தேடுவதும் இப்படித் தான்.

பாதுகாப்பு முதலில்

இந்தக் கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமலே 60 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதன் முன்பக்கம் டார்க் கன்வெர்ட்டர் என்ற கனமான உருளை வேறு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஜாக்கி இறங்கினால் உயிர் போய் விடும். கெட்டியான சிமெண்ட் தரையில், வண்டியின் எடையைத் தாங்கும் நான்கு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்து விட்டுத் தான் அடியில் போக வேண்டும். கியர்பாக்ஸை இறக்கத் தனி டிரான்ஸ்மிஷன் ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கும். அதில் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். துணைக்கு ஓர் ஆள் கட்டாயம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். வண்டி ஓடி வந்த சூட்டில் எண்ணெயை இறக்கினால் கை வெந்து விடும்.

இறக்குவதும் பிரிப்பதும்

எண்ணெயை இறக்கிய பின் பின்சக்கரத்திற்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுவார்கள். அதற்கு முன் அது எந்த நிலையில் இருந்தது என்று பெயிண்டால் அடையாளம் போடுவார்கள். பிறகு லீவர் கேபிள், கூலர் குழாய்கள், மின் கனெக்டர்கள். அடுத்து டார்க் கன்வெர்ட்டரை என்ஜினோடு இணைக்கும் போல்ட்டுகள். என்ஜினின் பின்பக்கத்திற்கு முட்டுக் கொடுத்து விட்டு, குறுக்குச் சட்டத்தை எடுத்து, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, மெதுவாகப் பின்னுக்கு இழுத்து இறக்குவார்கள். டார்க் கன்வெர்ட்டர் நழுவிக் காலில் விழாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பிரிக்கும் முன் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வால்வு சிக்கிக் கொள்ளும். துடைப்பதற்கு பனியன் வேஸ்ட் கூடாது. அதிலிருந்து உதிரும் நூல் ஃபில்டரையும் சோலனாய்டையும் அடைத்து விடும். நூல் உதிராத துணி அல்லது காகிதம் வேண்டும்.

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் மொபைலில் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம். கழற்றிய வரிசையிலேயே நீளமான மேசையில் அடுக்க வேண்டும். வால்வு பாடியைக் கழற்றும்போது அதன் பள்ளங்களில் சிறு குண்டுகள் கிடக்கும். எண்ணெய் ஒரு திசையில் மட்டும் போக வைப்பவை அவை. எந்தக் குண்டு எந்தப் பள்ளத்தில் இருந்தது என்பதைப் படம் எடுக்காமல் வால்வு பாடியைத் தூக்கினால், உருண்டோடிய பிறகு தேடிப் பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முன் பேக்கப் எடுப்பது போன்றது இந்தப் படங்கள்.

புதிய பாகங்கள்

கிளட்ச் தட்டுகள், சீல்கள், பேக்கிங்குகள், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியாகக் கிடைக்கும். வாங்கும்போது மாடல் ஆண்டைச் சரியாகச் சொல்ல வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே மாற்றங்கள் உண்டு. மதர்போர்டுக்குப் பொருந்தாத ரேமை வாங்கி வந்தால் என்ன ஆகுமோ, அதே தான் இங்கும்.

* புதிய கிளட்ச் தட்டுகளை மாட்டும் முன் கியர்பாக்ஸ் எண்ணெயில் அரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஊற வைக்க வேண்டும். உலர்ந்த தட்டை மாட்டினால் முதல் உராய்விலேயே கருகும்.
* ரப்பர் சீலின் உதடு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாட்டும்போது மடங்கவோ கிழியவோ கூடாது.
* சிறு பாகங்களை இடத்தில் நிறுத்த பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். அது சூட்டில் உருகி எண்ணெயில் கரைந்து விடும். சக்கரத்திற்குப் போடும் கிரீஸ் கரையாது, ஃபில்டரை அடைக்கும்.
* தட்டுகளை அடுக்கிய பின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வால்வு பாடியை மாட்டும் முன் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் எண்ணெய் செல்லும் துளையில் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். கிளட்ச் பிடிக்கும்போது 'டொக்' என்று சத்தம் வர வேண்டும். காற்று புஸ்ஸென்று வெளியேறினால் சீல் சரியில்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸ் வருவதற்கு முன் மெமரியையும் கீபோர்டையும் சோதிக்கிறதே, அது போன்ற சோதனை. இந்தக் கட்டத்தில் தவறு தெரிந்தால் அரை மணி நேர வேலை. வண்டியில் ஏற்றிய பிறகு தெரிந்தால் மீண்டும் முதலிலிருந்து.

மாட்டும்போது வரும் பெரிய ஆபத்து

டார்க் கன்வெர்ட்டர் என்பது இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்தது போன்றது. ஒன்றைச் சுற்றினால் அதன் காற்றில் மற்றொன்றும் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸில் செருகும்போது அது மூன்று இடங்களில் பொருந்த வேண்டும்: உள் ஷாஃப்டில், நடு ஷாஃப்டில், கடைசியாக எண்ணெய்ப் பம்பில். சுற்றிக் கொண்டே உள்ளே தள்ளினால் ஒவ்வொன்றாக 'டொக், டொக்' என்று விழும். இரண்டு முறை விழுந்ததும் போதும் என்று நினைத்து விட்டால் வந்தது வினை. கியர்பாக்ஸ் என்ஜினோடு சேராமல் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியை போல்ட்டை முறுக்கி மூட முயன்றால் பம்ப் உடையும். புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸ் ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமலே வீணாகி விடும்.

எனவே கியர்பாக்ஸின் முகம் கையால் தள்ளியே என்ஜினோடு முழுமையாக ஒட்ட வேண்டும். அதன் பிறகு தான் போல்ட். போல்ட்டுகளை இறுக்கிய பின்னும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வர வேண்டும். அதை முன்னுக்கு இழுத்து என்ஜின் தட்டோடு சேர்க்கும்போது சுமார் 3 முதல் 5 மி.மீ. நகர வேண்டும். சுற்றவில்லை என்றால் மேலே போகாமல் நிறுத்தி விட்டுத் திரும்பக் கழற்ற வேண்டும். ரேம் உட்காரவில்லை என்று பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் ஸ்லாட் உடைவதைப் பார்த்திருப்பீர்கள். சரியாகப் பொருந்திய பாகத்திற்குப் பலம் தேவைப்படாது.

மறக்கக் கூடாத இன்னொன்று கூலர். பழைய கியர்பாக்ஸின் கருகிய துணுக்குகள் கூலர் குழாயில் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் அந்த அழுக்கு புதிய கியர்பாக்ஸுக்குள் வரும். வைரஸ் உள்ள பென் டிரைவை, புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் செருகுவது போன்றது அது.

முதல் ஓட்டம்

நிறுவனம் சொல்லும் எண்ணெயைத் தான் ஊற்ற வேண்டும். இதற்கு முன்பு டெக்ஸ்ரான்-3, இப்போது அதற்குப் பதிலாக டெக்ஸ்ரான்-6. முதலில் சில லிட்டர் ஊற்றி, பார்க்கில் வைத்து என்ஜினை ஆன் செய்து, அளவு பார்த்துப் பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் சூடான பின், என்ஜின் ஓடும்போதே அளவைச் சரி பார்க்க வேண்டும்.

இங்கே கம்ப்யூட்டர் மறுபடி உள்ளே வருகிறது. பழைய கிளட்ச் தேயத் தேய, அதற்கேற்ப அழுத்தத்தைக் கூட்டக் கற்றுக் கொண்டு அதை பிசிஎம் தன் மெமரியில் வைத்திருக்கும். புதிய கிளட்ச்சுக்கும் அந்தப் பழைய கணக்கையே பயன்படுத்தினால் கியர் முரட்டுத்தனமாக விழும். ஸ்கேனர் மூலம் அந்தக் கணக்கை அழித்து விட்டால், அது புதிதாகக் கற்றுக் கொள்ளும்.

லேப்டாப்பை இணைத்து ஒருவர் ஓட்ட, மற்றொருவர் எண்களைப் பார்க்கலாம். 4-ம் கியரின் விகிதம் 0.70. அதாவது என்ஜின் 1400 முறை சுற்றினால், கன்வெர்ட்டர் பூட்டிய நிலையில், வெளியே வரும் ஷாஃப்ட் 2000 முறை சுற்ற வேண்டும். ஷாஃப்ட் 2000 சுற்றும்போது என்ஜின் 1600 என்று காட்டினால், 200 சுற்றுகள் எங்கோ வழுக்கி வீணாகின்றன. காதுக்குக் கேட்காத கோளாறை எண் காட்டிக் கொடுத்து விடும்.

அப்படியானால் கழற்றி மாட்டலாமா?

இடம், கருவிகள், சர்வீஸ் மேனுவல், பொறுமை, துணைக்கு ஓர் ஆள் ஆகிய ஐந்தும் இருந்தால் முடியும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதே லாபம். ஆனால் எரர் கோடு படிப்பதற்கும், ஃபியூஸ் பார்ப்பதற்கும், எண்ணெயை முகர்ந்து பார்ப்பதற்கும் ஒர்க்‌ஷாப் தேவையில்லை. அதை எல்லோரும் செய்யலாம்.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதே விதி தான். கேபினட்டைத் திறக்கும் முன் பவர் கேபிளை எடுக்கவும். திரையில் வரும் எரர் செய்தியை மூடி விடாமல் எழுதிக் கொள்ளவும். கேபிள்களைக் கழற்றும் முன் படம் எடுக்கவும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதைச் சோதித்த பின் அடுத்ததற்குப் போகவும். கிரே கோடு போல, ஒரு நேரத்தில் ஒரு பிட் மாறினால் தவறு எங்கே நடந்தது என்று எளிதில் தெரிந்து விடும்.